யார்கூட சாப்பிட்டே?

மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு ஐரினின் போன் அடிக்கும். ஜெர்மனியில் அப்போது காலை ஒன்பதரை. மகள் லவினா நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் நாஷ்டாவுக்கு அரை மணி விடுவார்கள். அதில் பத்து நிமிஷம் மம்மிக்கு. முன்பெல்லாம் ஒரு மணிக்கே வந்துகொண்டிருந்த போன்தான். அக்டோபர் கடைசியில் அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். "ஊரே சேர்ந்து கடிகாரத்தைத் திருப்புதாம், கேட்டீங்களா இந்த அநியாயத்த!" என்று ஜீவனஹள்ளியில் தன் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் ஐரின்.

பெற்றவர்கள் எல்லாரும் போனில் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். ஐரின் கேட்பது வேறு.

"யார்கூட சாப்பிட்டே?"

"எல்லார்கூடவும்தான் மம்மி" என்பாள் லவினா. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் எப்போது பார்த்தாலும் ஒரு சாம்பல் நிற இரும்பு பீரோ. பக்கத்துச் சுவரில் வரிசையாகக் கோட்டுகள் தொங்கும். எல்லாரும் என்றால் அந்த எல்லாரும் எங்கே என்று ஐரின் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க பயம், அவ்வளவுதான்.

அவளுக்கு ஏன் அந்தக் கேள்வி என்று சொல்ல வேண்டும். ஐரினுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷமாக வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் மட்டுமே சமையல் வேலை. ஜீவனஹள்ளியிலிருந்து ரயில்வே கேட் பக்கம் நடந்து போனால் கால் மணியில் குக் டவுன் வந்துவிடும். மரமும் மதில் சுவருமாக அங்கே இருக்கிற பழைய பங்களாக்களில் ஒன்றில்லாவிட்டால் ஒன்றில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் இருக்கும். பிரெஞ்சுக்காரர், கொரியாக்காரர், ஸ்வீடன்காரர் என்று ஏழு குடும்பம் பார்த்துவிட்டாள். எல்லாரும் மூன்று வருஷத்துக்கு வருவார்கள். போகும்போது ஐரினைக் கட்டிப் பிடித்து அழுவார்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு கார்டு வரும். இரண்டாவதற்கு வராது.

"முதல் மாசம் ரோட்டுல மாடு படுத்திருந்தா போட்டோ எடுப்பாங்க. மூணாவது மாசம் அதே மாட்டைப் பார்த்துக் கத்துவாங்க. ஆறாவது மாசம் அழுவாங்க." இது ஐரின் எல்லாருக்கும் எடுக்கிற பாடம். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் சீக்கிரம் அழுவார்கள், கூட ஆள் இருந்தால் தாங்கிவிடுவார்கள், இதுவும் அவள் கண்டு வைத்தது. அந்த பிரெஞ்சு மேடம் இருந்தாளே, அழுதுவிட்டுச் சமையலறைத் தொட்டியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டு, ஐரின் நீட்டும் டவலில் துடைத்துக்கொண்டு, நேரே போய் ஊரிலிருக்கிற அம்மாவோடு கம்ப்யூட்டரில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நெற்றியோரத்து முடி மட்டும் ஈரமாக இருக்கும். பெற்ற தாய்க்குத் தெரியாது, டவல் கொடுத்த ஐரினுக்குத்தான் தெரியும். "பாவம் அந்தம்மா, பொண்ணு நல்லா இருக்கான்னு நினைச்சுக்கும்" என்று வீட்டில் வந்து சொல்வாள். அப்போது லவினா சின்னப் பெண். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

புருஷன் சிரில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. பெயின்ட் அடிக்கிற வேலை, நெஞ்சு கெட்டுப்போயிற்று. அதற்கப்புறம் அந்த இரண்டு அறை வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். லவினா நர்ஸிங் முடித்தாள், ஜெர்மன் கோச்சிங் போனாள், பரீட்சை எழுதினாள், வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. சந்தே வந்து கை குலுக்கியது. எதிர் வீட்டு பெர்னதெத் அக்கா, "உனக்கென்ன ஐரின், வெள்ளைக்காரங்க பழக்கமெல்லாம் உன் விரல் நுனியில இருக்கு. பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பு" என்றாள். அந்தப் பேச்சு ஐரினுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

ஒரு வாரம் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"அவங்க உட்கார்ந்திருக்கும்போது நீ போய் சட்டுனு உட்கார்ந்துடாதே. சாப்பிட வான்னு கூப்பிட்டா 'தேங்க்யூ, பரவாயில்லை'ன்னு சொல்லு. மறுபடி கூப்பிட்டாலும் அது சும்மா உபச்சாரத்துக்குத்தான். உன் கப்பைத் தனியா வச்சுக்க, நீயே கழுவி வை. யார் வீட்டுக்காவது போனா கிச்சன்ல போய் ஒரு கை குடு, சும்மா நிக்காதே. எப்படி இருக்கேன்னு கேட்டா 'ஃபைன்'. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே. நம்ம கஷ்டத்தைச் சொன்னா அவங்களுக்கு பேஜாராயிடும்."

"மம்மி, நான் நர்ஸ் வேலைக்குப் போறேன்" என்று லவினா முதலில் சிரித்தாள். ஆனால் டிக்கெட் கைக்கு வந்த அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. ஒரு நோட்டை எடுத்து வந்து, "மறுபடி சொல்லு, எழுதிக்கறேன். கிளாஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலை" என்றாள். ஐரின் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மே மாசம் ஏர்போர்ட் வாசலில் மகள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "நோட்டை எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கடைசியாகக் கேட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ஒரு பிடி அரிசி வைத்தாள். தட்டை எடுத்தாள், சமையல் மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். ஒரு ஆளுக்காக எதற்கு உட்கார்வது? மறுநாளும் அப்படித்தான். வீட்டில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் துவைத்த துணி சேர்ந்தது, பிறகு இன்னொன்றிலும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் விசாரித்தால், "தினம் போன் பண்றா, டாண்ணு ரெண்டு மணிக்கு! எந்தப் பிள்ளை பண்ணுது இந்தக் காலத்துல?" என்று தலையை நிமிர்த்திச் சொல்வாள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் காலையில் கவிழ்த்து வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கிற நிமிஷம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது.

நவம்பரில் ஒரு நாள் போனில் லவினாவின் நெற்றியோரத்து முடி ஈரமாக இருந்தது.

ஐரின் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், ஆறாம் மாசம் முடிந்திருந்தது. "குளிச்சியாடி?" என்றாள். "ம்... இல்ல மம்மி, ஆமா" என்றாள் லவினா. "எப்படி இருக்கே?" "ஃபைன் மம்மி." ஐரின் சொல்லிக் கொடுத்த அதே ஃபைன். அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டு மகள் உடைந்துவிட்டால் இத்தனை தூரத்திலிருந்து டவல் நீட்ட முடியுமா?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு நல்ல சேதி வந்தது. கூட வேலை செய்கிற மார்ட்டினா என்ற பெண் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாளாம். ஐரினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அப்புறம்? என்ன சாப்பிட்டே? யார்கூட சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன் மம்மி. நீ சொன்ன மாதிரி கிச்சன்லயே இருந்தேன். பாத்திரம் எல்லாம் கழுவி வச்சுட்டு வந்தேன். அவங்க வேணாம் வேணாம்னு சொன்னாங்க, நான் விடலை."

"அப்படிப் போடு! அதான் என் பொண்ணு!" என்றாள் ஐரின்.

இப்போது அவள் வேலை பார்க்கிற வீட்டு மேடம் பெயர் உர்சுலா. அவளும் ஜெர்மன்காரிதான், வேறு ஊர். நாற்பது வயதிருக்கும். புருஷன் காலையில் ஹெப்பகோடி பக்கம் ஃபாக்டரிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். பிள்ளைகள் இல்லை. ஜூன் மாசம் வந்த அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் உர்சுலா காபி போட்டு மேசையில் இரண்டு கப் வைப்பாள், ஒரு நாற்காலியை இழுத்துவிடுவாள். "ஐரின், உட்கார்" என்பாள். ஐரின், "தேங்க்யூ மேடம், பரவாயில்லை" என்று தன் கப்பை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய் நின்று குடிப்பாள். குடித்துவிட்டுக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். ஏழு மாசம் இது நடந்தது. இருவருக்கும் நடுவே ஓடுவது சமையலறை இங்கிலீஷ், அதில் இதற்கு மேல் பேச்சும் கிடையாது.

ஜனவரி முதல் வாரம் ஒரு நாள் உர்சுலா மேசையில் ஒரே ஒரு கப்தான் வைத்திருந்தாள். ஐரினின் கப் தொட்டிப் பக்கத்தில் அவள் நிற்கிற இடத்திலேயே தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் ஐரினுக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"என்ன மேடம், கோபமா?"

"கோபமில்லை. உனக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றுதான்" என்றாள் உர்சுலா. "தினமும் கூப்பிட்டேன். முதலில் உனக்குக் கூச்சம் என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது, என்னோடு உட்கார உனக்கு விருப்பமில்லை. இந்த வீட்டில் நாள் பூரா நான் பார்க்கிற ஒரே ஆள் நீதான்."

"ஐயோ மேடம்! அது மரியாதை மேடம்!" ஐரின் பதறிப்போனாள். "எங்க பழக்கம்... இல்ல, உங்க பழக்கம்னுதான்..."

"எங்கள் பழக்கமா? யார் சொன்னது?"

ஐரின் யோசித்துப் பார்த்தாள். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் வீட்டில் அவளாகவே அப்படி நின்றாள். அடுத்த வீட்டிலும் நின்றாள். அவர்கள் மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும், இதெல்லாம் அவள் என்றைக்கு உட்கார்ந்து பார்த்தாள்? அவள் பார்த்ததெல்லாம் சமையலறைக் கதவிலிருந்து பார்த்தது. அவளுக்குத் தெரிந்தது வேலைக்காரி எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அதை நோட்டுப் போட்டு எழுத வைத்து மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், ஒண்ணு கேக்கணும். உங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கு ஒரு பொண்ணை வீட்டுக்குக் கூப்பிடறீங்க. அது உட்காரவே இல்ல. பாத்திரம் எல்லாம் கழுவி வச்சுட்டுப் போயிடுது. நீங்க என்ன நினைப்பீங்க?"

உர்சுலா கொஞ்சம் யோசித்தாள். "எங்களோடு இருக்க அவளுக்கு இஷ்டமில்லை என்று நினைப்பேன். சீக்கிரம் போக வேண்டும் போலிருக்கிறது என்று."

"திரும்பக் கூப்பிடுவீங்களா?"

"மாட்டேன். பாவம், அவளை எதற்கு மறுபடி சங்கடப்படுத்துவது?"

போச்சு. மகளை ஏழு கடல் தாண்டி அனுப்பி, அங்கே ஒருத்தரும் நெருங்காதபடி பெற்றவளே வேலி கட்டி வைத்திருக்கிறாள். ஐரின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உர்சுலா என்ன ஏதென்று தெரியாமல் எழுந்து வந்து டவலை நீட்டினாள். ஐரின் முகம் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். உர்சுலா முழுக்கக் கேட்டுவிட்டு, ஐரினின் கப்பை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தாள், நாற்காலியை இழுத்துவிட்டாள்.

ஐரின் உட்கார்ந்தாள். முட்டி இரண்டையும் மேசைக்குக் கீழே எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தச் சமையலறை உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. உர்சுலா பிஸ்கட் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போன நேரம் போன் அடித்தது. மணி இரண்டு.

திரையில் லவினா, பின்னால் அதே இரும்பு பீரோ. அவள் ஹலோ கூடச் சொல்லவில்லை. கண்ணை அகலமாக்கிக்கொண்டு, "மம்மி! எங்க உட்கார்ந்திருக்கே? மேடம் மேசையா அது? எழுந்திரு மம்மி, எழுந்திரு, அவங்க வந்துடப் போறாங்க!" என்று கத்தினாள்.

ஐரின் எழுந்திருக்கவில்லை. "அவங்கதான்டி நாற்காலியைப் போட்டாங்க" என்றாள்.

லவினாவுக்குப் புரியவில்லை. ஐரின் மென்று முழுங்கிச் சொன்னாள். "நான் சொல்லிக் குடுத்தது எல்லாம் தப்பு, லவி. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கிச்சன்ல நின்னவ. நீ அங்க போய் கிச்சன்ல நிக்கணும்னு இல்ல. அந்த நோட்டைக் கிழிச்சுப் போடு." கொஞ்சம் நிறுத்தி, "முடி ஈரமா இருக்கறதை நவம்பர்லயே பார்த்துட்டேன். கேக்க தைரியம் வரலை" என்றாள்.

பிறகு லவினா மெதுவாகப் பேசினாள். "முதல்ல மூணு தடவை கூப்பிட்டாங்க மம்மி. நாஷ்டாக்கு எல்லாரும் கேன்டீன்ல ஒரே மேசைல உட்காருவாங்க. பரவாயில்லைன்னு சொன்னேன். அப்புறம் யாரும் கூப்பிடலை. இது துணி மாத்தற ரூம். பிரெட்டை இங்கதான் சாப்பிடறேன். அரை மணி நேரம் என்ன பண்றதுன்னு தெரியாமதான் உனக்கு போன் பண்றேன்."

தினமும் டாண்ணு ரெண்டு மணிக்கு வந்த அந்தப் போன்! கோயில் வாசலில் அதை வைத்துக்கொண்டு எத்தனை பெருமை பேசியிருக்கிறாள்!

பிஸ்கட்டோடு வந்த உர்சுலாவிடம் ஐரின் ஆலோசனை கேட்டாள். லவினாவின் பிறந்தநாள் எப்போது என்று உர்சுலா விசாரித்தாள். ஜனவரி இருபத்திரண்டு. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தநாள்காரிதான் கேக் கொண்டுபோய் எல்லாருக்கும் தர வேண்டுமாம், மற்றவர்கள் வாங்கி வருவார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதானாம். "கேக்கை வச்சுட்டு ஓடி வந்துடாதே" என்று ஐரின் மகளுக்கு இரண்டு வாரமும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். "வெட்டிக் குடு. குடுத்துட்டு உட்காரு. யாரும் சொல்லணும்னு நிக்காதே."

இருபத்திரண்டாம் தேதி ஐரின் ஒன்றேமுக்காலுக்கே உர்சுலாவின் மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு ஆயிற்று. இரண்டே கால். இரண்டரை. போன் அடிக்கவில்லை. எட்டு மாசத்தில் முதல் தடவை.

"நல்லதுதான் ஐரின், அவள் யாரோடோ உட்கார்ந்திருக்கிறாள்" என்றாள் உர்சுலா.

"தெரியும் மேடம்" என்றாள் ஐரின். தெரிந்துதான் இருந்தது. கர்த்தரே என்று அதற்காகத்தானே முழங்கால் போட்டாள். ஆனாலும் அந்த இருட்டான திரையை அவள் மூன்று மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் இரண்டு மணிக்கு அது அடிக்காது.

வீட்டுக்கு வந்தாள். டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. ஒரு பிடி அரிசி வைத்து, ரசம் சுட வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு மேடை ஓரம் நின்று இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதாள். பொண்ணுக்கு நல்லது நடந்த நாளில் அழுகிறோமே என்று தன்மேலேயே கோபமும் வந்தது. மணி ஏழுக்கு போன் அடித்தது. தொட்டியில் குனிந்து அவசரமாக முகத்தைக் கழுவினாள், தலைப்பால் துடைத்தாள், சிரித்துக்கொண்டு எடுத்தாள்.

லவினா தெருவில் நடந்துகொண்டிருந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது, பின்னால் இரும்பு பீரோ இல்லை. "மம்மி, சாரி மம்மி! பேசிட்டே இருந்ததுல டைம் போனதே தெரியலை. பயமாதான் இருந்துச்சு, ஆனா உட்கார்ந்துட்டேன். மார்ட்டினா பக்கத்துல. அன்னிக்கு நீ ஏன் உட்காரலைன்னு கேட்டாங்க. எங்க மம்மி தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா!"

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும். நல்லா சிரிக்கட்டும்" என்றாள் ஐரின்.

லவினா சட்டென்று நடப்பதை நிறுத்தினாள். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"மம்மி, உன் முடி ஈரமா இருக்கு."

ஐரின் நெற்றியோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"யார்கூட சாப்பிட்டே மம்மி?"

எல்லார்கூடவும்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. பெர்னதெத் அக்கா வந்திருந்தாள் என்று சொன்னால் கூட நம்பிவிடுவாள்.

"யாரும் இல்லடி" என்றாள் ஐரின். "நீ போனதுலேர்ந்து நின்னுக்கிட்டேதான் சாப்பிடறேன்."

லவினா தெருவோரத்தில் ஒரு பெஞ்சைப் பார்த்து அதில் உட்கார்ந்தாள். "தட்டை எடுத்துட்டு வா. சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நான் வைக்க மாட்டேன். நாளைக்கும் இதே டைமுக்கு, சரியா?"

"உனக்குக் குளிருமேடி."

"பரவாயில்லை, நீ உட்காரு மம்மி."

ஐரின் நாற்காலி மேலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.